கதிரவன் வெளுக்கும் சாயநீர்

வண்ண ஆடையை விரும்பாதார் உண்டோ? கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை எடுக்கச் சென்றால், "சாயம் போகாதே?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்காமல் நம் அன்னையர் துணி வாங்குவதில்லை. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத சாயமே நல்ல சாயம். ஆனால், துணியில் நாம் போற்றும் இந்த உறுதியே நீரில் தொல்லையாகி விடுகிறது. துணியில் ஏறாமல் மிஞ்சிய சாயம் ஆற்றில் கலந்தால் எளிதில் அழிவதில்லை. நீருக்குள் ஒளி புகுவதைத் தடுத்து, நீர்த்தாவரங்களையும் வாடச் செய்கிறது.

இத்தகைய சாயத்தை ஒளியைக் கொண்டே சிதைக்கலாம் என்று எங்கள் வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரி கூறியபோது நாங்கள் வியந்தோம். ஒளி பட்ட டைட்டேனியம் டை ஆக்சைடு மின்வாயைக் கொண்டு நீரைப் பிரிக்க இயலும் என்பதை 1972-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகறியச் செய்தனர். வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தரும் பொருளும் இதுவே. புற ஊதாக் கதிர் பட்டதும் இதிலுள்ள எலக்ட்ரான் இடம் விட்டுத் தாவுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடம், நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பை உண்டாக்குகிறது. அது சாய மூலக்கூறைத் தாக்கித் துண்டு துண்டாக உடைக்கிறது. வினை முற்றுப் பெற்றால் மிஞ்சுபவை கார்பன் டை ஆக்சைடு, நீர், சில எளிய உப்புகள். வினையூக்கியோ செலவாவதில்லை.

இதை நேரில் காண விரும்பி, மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் மெத்திலின் நீலக் கரைசலை எடுத்தோம். முதற் கிண்ணத்தில் வெண்தூளை இட்டு வெயிலில் வைத்து, முறை போட்டுக் கலக்கினோம். இரண்டாவதைத் தூளின்றி வெயிலில் வைத்தோம். மூன்றாவதைத் தூளிட்டு, கறுப்புத் தாள் சுற்றி அலமாரியில் வைத்தோம். மாலையில் முதற் கிண்ணத்து நீலம் மறைந்திருந்தது. மற்ற இரண்டிலும் நிறம் சற்றே குறைந்திருந்தது. இருட்டில் இருந்ததில் கொஞ்சம் சாயம் தூளில் ஒட்டிக் கொண்டதே அதற்குக் காரணம்.

நாங்கள் கைதட்டி மகிழ்ந்த வேளையில் அருட்சகோதரி, "நிறம் போனது தெரிகிறது, நீரில் இன்னும் என்ன இருக்கிறது என்று தெரிகிறதா?" என்று கேட்டார். அக்கேள்வியே எங்களைச் சிந்திக்க வைத்தது. சாயம் முற்றிலும் சிதையுமுன் உண்டாகும் துண்டுகளுள் சில நச்சுத் தன்மை உடையவை. மேலும், பருத்தியில் சாயம் ஏற்றப் பெருமளவில் உப்பு சேர்க்கின்றனர். உப்பை எந்த ஒளியாலும் எரிக்க இயலாது.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு இதற்குச் சான்று. பாசனத்திற்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் வந்து தேங்கியது. உப்பு மிகுந்த அந்நீரால் உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் தொழிலாளர் குடும்பங்களும் வருமானமின்றித் தவித்தன. நாம் உடுத்தும் வண்ணத்தின் விலையை எவரெவரோ கொடுத்திருக்கின்றனர்!

சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர்கள் சுமார் 5 விழுக்காடே. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் செயல்படும் வினையூக்கிகளை அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். நுண்ணிய தூளை நீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும், உப்பைக் குறைந்த செலவில் மீட்பதும் நம் தலைமுறைக்குக் காத்திருக்கும் பணிகள்.

அன்புத் தோழியரே, இறைவன் வெயிலை நமக்கு விலையின்றித் தந்திருக்கிறார். அதைக் கொண்டு ஆற்றைக் காக்கும் அறிவைத் தேடுவோம். நீர் தெளிந்து விட்டது என்று கண் சொன்னாலும், சோதித்துப் பார்த்த பின்னரே நம்புவோம்.