கீழ்பென்னாத்தூர் கம்பியில் பனங்காடை இருக்கிறதா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் போகிறவர்கள், கீழ்பென்னாத்தூர் பக்கம் மின்கம்பிகளைக் கவனிக்கலாம். கரிச்சான் சுலபமாகக் கண்ணில் படும். பனங்காடை தென்பட்டால் அதிர்ஷ்டம். பறக்கும்போதுதான் அந்த நீலம் முழுசாகத் தெரியும்.

சாலையோரம் எண்ணியதை வைத்து, ஊரில் இத்தனை பறவைகள் என்று சொல்லிவிட முடியாது. கம்பியில் உட்காருவது கணக்கில் வரும். புதரில் பதுங்கும் கௌதாரி வராது. அதனால் ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள்: நூறு பட்டியல்களில் எத்தனையில் அந்தப் பறவை இருந்தது? வருடாவருடம் அது எப்படி மாறுகிறது? 942 இனங்களை அலசிய, 2023-ம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையில் மயில் ஏறுமுகம், பனங்காடை இறங்குமுகம்.

2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் கவனித்து, பார்த்ததை எல்லாம் இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். பனங்காடை இல்லாத பட்டியலும் கணக்குக்குத் தேவை. காக்கா மட்டும்தான் வந்தது என்றாலும் ஏற்றிவிடலாம்.