92-ஆ, 21-ஆ?

சமூக ஆய்வில் அளவுசார் முறை, பண்புசார் முறை என்று இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு மற்றவர்கள் கதை கேட்கிறவர்கள். அவர்களுக்கு இவர்கள் தலை எண்ணுகிறவர்கள். இரண்டு வேலையையும் மாறி மாறிச் செய்து பழகிய எனக்கு இந்தச் சண்டை கருத்தரங்க மேடையோடு முடிந்துவிடுகிறது. களத்தில் ஒன்றின் ஓட்டையை மற்றதுதான் காட்டிக்கொடுக்கிறது.

பெண்களின் உழைப்பை எடுத்துக்கொள்வோம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். மாதச் சம்பள வேலை என்றால் 31. குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உதவினால் 21. வீட்டுவேலை மட்டும் என்றால் 92. அதோடு விறகு, தீவனம் சேகரிப்பதும் உண்டென்றால் 93. 21 விழுந்தால் அந்தப் பெண் உழைப்பாளர் கணக்கில் ஏறுவார். 92, 93 விழுந்தால் ஏறமாட்டார்.

வாசலில் நின்று "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டால், "இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்" என்பார். பல வீடுகளில் அதையும் கணவரே சொல்லிவிடுவார். 92. திண்ணையில் உட்கார்ந்து "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கம்மா" என்று தொடங்கினால், சாணி அள்ளியது, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றியது, சொந்த வயலில் களையெடுத்தது என்று ஒவ்வொன்றாக வரும். இப்போது 21.

அதற்காக எண்ணிக்கையே வீண் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்தத் திண்ணைக் கேள்வியையே அட்டவணையாக்க முடியும். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டை அளந்து பார்த்தார்கள். 2019இல் நாடு முழுவதும், அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகக் கேட்டுப் பதிந்தார்கள். ஊதியமில்லாத வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். எத்தனை திண்ணைப் பேச்சைச் சேர்த்தாலும் இந்த இடைவெளியை நாட்டுக்கே பொருந்தும் என்று சொல்லும் உரிமை நமக்கு வராது.

இப்படி எண்ணுவதற்காகக் குலுக்கலில் எடுத்த வீடுகளின் மாதிரிப் பட்டியலுக்கு இன்னொரு குணமும் உண்டு. நேர்காணலுக்கென்று ஊருக்குள் போனால், விவரமாகப் பேசுகிறவர் வீட்டுக்குத்தான் ஆள் கூட்டிப்போவார்கள். மோர் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், நல்ல மேற்கோளும் கிடைக்கும். குலுக்கலில் விழுந்த வீடோ காலனியின் கடைசியில் இருக்கும். மத்தியானம் போனால் பூட்டியிருக்கும். பொழுது சாய்ந்து திரும்பவும் போக வேண்டும். யாரும் கைகாட்டாத வீட்டுக்கு என்னைப் போக வைத்தது பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான்.

எண் நின்றுபோகும் இடமும் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்போரின் பங்கு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஏற்றத்தில் பெரும்பகுதி சுயதொழிலிலும் குடும்பத் தொழில் உதவியிலும்தான். வாழ்க்கை நெருக்கியதால் பெண்கள் கூடுதலாக உழைக்கிறார்களா, புது வாய்ப்பு வந்ததா, முன்பு 92 போட்ட இடத்தில் இப்போது கவனமாகக் கேட்டு 21 போடுகிறார்களா? மூன்றுக்கும் அட்டவணையில் ஒரே எண்தான் வரும்.

ஆகவே என் வேலை வரிசை இது. வினாத்தாள் அச்சாகும் முன் சில வீடுகளில் நீளமாகப் பேசுவது. மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதைக் கொண்டு கேள்வியைத் திருத்துவது. பிறகு குலுக்கல் காட்டிய வீடுகளில் எண்ணுவது. கடைசியில், அட்டவணையில் பொருந்தாமல் துருத்தி நிற்கும் வீடுகளுக்குத் திரும்பப் போவது. ஆடு மாடும் நிலமும் இருந்தும் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் 92 விழுந்திருந்தால், அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். நிதியில் முதலில் வெட்டுப்படுவது இந்தத் திரும்பும் பயணம்தான். நான் விடாமல் கேட்டு வாங்குவதும் அதற்கான பணத்தைத்தான்.