ராஜகிரிப் படிகள்

மதில் கட்டியவர்கள் உருண்டைப் பாறைகளை அப்புறப்படுத்தவில்லை. அவற்றையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது? கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டைக்குள் புகுந்து வெளியேறுகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி. இடப்பக்கம் ராஜகிரி. தெற்கே தள்ளி மூன்றாவது மலை. மூன்றையும் வளைத்து ஒரே மதில்.

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. மதியம் மூன்று மணிக்கு மேல் ஏற விடுவதில்லை.

அடிவாரத்தில் களஞ்சியம். உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். சுவர் அவ்வளவு கனம். நெல்லுக்கு.

ராஜா குடியிருந்த அரண்மனையில் மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டும்.

கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. மகாலைப் படம் எடுக்காதவர் இல்லை. குழாயை யாரும் எடுப்பதில்லை.

முதலில் கட்டியது ஆனந்தக் கோன் என்கிறது மரபு. கோன்கள் மேய்ச்சல்காரர்கள்.

சரிவில் ஆடுகள். ஆள் நடக்க முடியாத பாறையில் நின்று தின்கின்றன.

படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால்வரை. மூச்சு ஒரு கணக்குக்குப் பழகுவதற்குள் படி மாறிவிடுகிறது. கல் கிடைத்தபடி போட்டதா, வேண்டுமென்றே போட்டதா? வேண்டுமென்றேதான் என்று தோன்றுகிறது. வாளோடு ஏறி வருகிறவனுக்காக.

கமலக்கண்ணி அம்மன் கோயில். கற்பூர வாசனை, எலுமிச்சம்பழத் தோல், குரங்குகள். இன்றும் பூசை நடக்கிறது.

முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் முற்றுகை தொடங்கியது 1690. கோட்டை விழுந்தது 1698. உள்ளே இருந்த மராத்திய அரசர் ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். எட்டு வருஷம். வந்த சிப்பாய்க்கு இங்கேயே கல்யாணமாகிப் பிள்ளைகூடப் பிறந்திருக்கலாம்.

1750. புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. ஒரே இரவு.

அதே படிகள்தான்.

பாறையில் சுண்ணாம்பால் காதலர் பெயர்கள். சில இடங்களில் ஒரு பெயரை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்பு மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை இழுத்துக்கொண்டால் வழியே கிடையாது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஒற்றைச் செருப்பு.

மேலே ரங்கநாதர் கோயில். சிலை இல்லை. காற்று மட்டும் தாராளம்.

சிங்கவரம் இங்கிருந்து பக்கம். அங்கேயும் ரங்கநாதர். தேசிங்கு ராஜா கடைசிச் சண்டைக்குப் புறப்படும் முன் கும்பிடப் போனபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1714இல் செத்தான். சின்னப் பையன். செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. அவனைத்தான் இன்னும் பாடுகிறார்கள்.

கீழே வெங்கடரமணர் கோயில். அங்கிருந்து தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள். உப்புக்காற்றில்.

2025இல் யுனெஸ்கோ பட்டியல். மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இது. சிவாஜி பிடித்தது 1677. மராத்தியர் கையில் இருந்தது இருபது வருஷம் சொச்சம். அதற்கு முன்னே பீஜப்பூர், நாயக்கர், விஜயநகரம், கோன்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பட்டியலில் வந்ததற்காக அல்ல, கோன்களும் நாயக்கர்களும் அடியில் போய்விட்டார்களே என்று.

பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. மணல், சுண்ணாம்பு, தண்ணீர் எல்லாம் தலைச்சுமை. சும்மாட்டின் மேல் மணல் சட்டியோடு ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கீழே போய், மறுபடி ஏறி வந்தார்.

"எவ்ளோ எடைம்மா இருக்கும்?"

"எடைய யாரு பாத்தா. நாலு நடை ஏறுவோம். வெயில் கொளுத்துனா மூணு."