ஹனாஓகி யாருடைய பெயர்?

கிட்டாகவா உட்டாமாரோவின் மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்க்கும் எவரும் முதலில் சொக்கித்தான் போவார்கள். நாங்களும் போனோம். நெற்றியோரத்து முடியிழைகளைக்கூடக் கட்டையில் செதுக்கி அச்சடித்திருக்கிறார்கள். சில படங்களின் பின்புலத்தில் காக்காய்ப்பொன் தூள் மின்னுகிறது. 1790களின் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. படங்களில் பலர் யோஷிவாராவின் பெண்கள். அவர்களுடைய உடையும் கொண்டையும்தான் அன்றைய நாகரிகம்.

யோஷிவாரா, அரசு அனுமதி பெற்ற பாலியல் தொழில் வட்டாரம். 1657 பெருந்தீக்குப் பிறகு அதை அசகுசாவுக்குப் பின்னால் இருந்த வயல்வெளிக்கு மாற்றினார்கள். சுற்றிலும் அகழி, ஒரே பெரிய வாசல். (ஊரையும் சேரியையும் அறிந்த நமக்கு இந்த வரைபடத்தை விளக்க வேண்டியதில்லை.) தோல் வேலை செய்ததால் தீட்டுள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பும் அதே அசகுசாப் பக்கத்தில்தான் இருந்தது.

ஏழைக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சிறுமிகளை ஒப்பந்தத்தில் விட்டன. கொத்தடிமை மீட்புப் பணிக்காகச் செங்கல் சூளைகளுக்குப் போய்வந்த எங்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று தெரியும். படத்தில் நாம் வியக்கும் பட்டுடையின் விலையும் அவள் கடனில்தான் ஏறியது. அவள் எந்த ஊர்க்காரி என்று வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாதென்று பேச்சையும் மாற்றினார்கள். யோஷிவாராவுக்கென்றே தனிப் பேச்சு வழக்கு இருந்தது.

பெயரும் அப்படித்தான். 'ஓகியா விடுதியின் ஹனாஓகி' என்று படத்தில் எழுதியிருக்கும். பெயர் போட்டிருப்பதால் அந்தப் பெண்ணுக்குக் கலைஞன் மரியாதை செய்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எங்களால் அதை ஏற்க முடியவில்லை. ஹனாஓகி என்பது விடுதியின் சொத்து. ஒருத்தி போனால் அடுத்தவளுக்கு அதே பெயர், ஹனாஓகிகள் பலர். 1793இல் தேநீர்க்கடைப் பெண்கள் போன்றோரின் பெயரைப் படங்களில் போடக்கூடாது என்று அரசு உத்தரவிட்டபோதும் யோஷிவாராப் பெண்களின் பெயருக்குத் தடையில்லை. கடையின் பெயர்ப் பலகையை யார் தடுப்பார்கள்?

கேட்பாரின்றி இறந்த யோஷிவாராப் பெண்களின் உடல்களை மினோவாவில் உள்ள ஜோகன்ஜி கோயிலில் போட்டுவிட்டுப் போனார்கள். 'வீசியெறியும் கோயில்' என்றே அதற்குப் பெயர். அங்கே சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொது நினைவுச் சின்னம் இருக்கிறது. சட்டப்படி யோஷிவாரா மூடப்பட்டது 1958இல்தான்.

மாணவர்களுக்கு உட்டாமாரோவைத் திரையில் காட்டும்போதெல்லாம் அந்த நினைவுச் சின்னத்தின் படத்தையும் பக்கத்திலேயே வைக்கிறோம்.