விசிறி என் அலமாரியில்

பிள்ளை ரிமோட் விமானம் விட ஆசைப்பட்டால், பறக்கும்போதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ அது கூடத்தில் கிடக்கும்போதுதான் பயம்! என் மகன் வாங்கியிருப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. தெர்மாகோல் மாதிரி லேசான உடம்பு, அதன் மேலே இறக்கை. அதனால் கொஞ்சம் சாய்ந்தாலும் தானே நிமிருமாம்.

முன்னால் சுற்றும் விசிறியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்ற சோதனையெல்லாம். மிக்ஸி பிளேடுக்காவது மூடி உண்டு, இதற்கு ஏது? லித்தியம் பேட்டரியை யாராவது விழித்துக் கூட இருக்கும்போதுதான் சார்ஜ் போடணும். உப்பிப்போனதை உபயோகிக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்க்கிறான், தராசு பார்க்கிற மாதிரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுகிறான். ரிமோட்டில் வலப்பக்கம் திருப்பினால் வலது இறக்கையின் ஓரத்து மடிப்பு மேலே எழ வேண்டும். மாறியிருந்தால் திருப்பின பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழும்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு கவலை. பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் நிஜ விமான ஓடுதளமே இருக்கிறது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் இந்த மாதிரி விமானங்களுக்கும் உண்டு. அரசாங்க வரைபடத்தில் பச்சையாகக் காட்டுகிற இடமா என்று பார்த்தாகணும்.

காற்று அடங்கின காலைநேரம், ஆளில்லாத மைதானம், கூடவே பழகினவர் ஒருவர். மூன்றும் சேர்ந்தால்தான் விசிறி கைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறேன்.