ஆச்சியின் ராஜா

எங்கள் பூட்டனார் உபதேசியாராக இருந்தவர். அவருடைய ஜெபப்புத்தகம் வீட்டு மரப்பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. ஆங்கிலச் சபையின் ஆராதனை முறையைத் தமிழில் அச்சிட்ட பழைய புத்தகம். அதில் நாட்டை ஆளுகிறவருக்காக ஜெபிக்கும் பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் பெயர் அச்சில் இருக்கும். 1901-ல் ராணி இறந்ததும் பூட்டனார் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே எட்வர்ட் என்று எழுதினார். 1910-ல் அதையும் அடித்து ஜார்ஜ் என்று எழுதினார். 1936 ஜனவரியில் மறுபடி ஒரு எட்வர்ட். அந்த ராஜா வருஷம் முடியுமுன்னே முடியைத் துறந்துவிட, டிசம்பரில் மறுபடி ஜார்ஜ். எழுத இடமில்லாமல் கடைசிப் பெயர் ஓரத்தில் ஏறி நின்றது.

அந்த ஜெபம் தேவனை ராஜாதி ராஜா என்று அழைத்துத்தான் தொடங்கும். அந்தச் சொல்லின்மேல் பூட்டனாரின் பேனா படவில்லை.

ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் மைக்கறையை அடையாளம் வைத்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். "எத்தன ராசா வந்து போயிட்டாவ, பாத்தியா மக்கா" என்று விரலால் தடவிக் காட்டுவாள். அவளுடைய மாமனாரின் கையெழுத்து என்ற மரியாதையும் அந்தத் தடவலில் உண்டு.

செம்மண் தேரியும் பனையுமாகக் கிடக்கும் சீமை அது. தேரி மேட்டில் ஏறி நின்றால் பனந்தலைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரத்தின் கூர்முனை தெரியும். அதைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் 1870-ல் இறந்து அங்கேயே அடக்கமானவர். அதற்கும் முன்னே 1799-ல் சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் உண்டானது. திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் கிராமம். அதே 1799-ல்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனது. இன்றைக்கு வரி கேட்டு வருகிறவன் நாளைக்கு யாருடைய ஆள் என்று பனையேறிக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அந்த ஜனங்களிடம் ஒரு ராஜாவைப் பற்றிச் சொன்னார்கள். முள்முடி சூடினவர், தம் ஜனத்துக்காகத் தாமே செத்தவர், மூன்றாம் நாள் எழுந்தவர், இனி சாகாதவர், அதனால் வாரிசு தேவைப்படாதவர். கேட்டவர்களுக்கு அது வெறும் உபதேசமாகப் பட்டிருக்காது. ஆள்கிறவன் மாறினால் என்னவாகும் என்பதை உடம்பில் பட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

ஆச்சியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துப் பனையோலைக் கொட்டானில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். மழை பொய்த்த வருஷத்தில் அரிசிப் பானை அடியைத் தொட்டது. அப்போது கொட்டானில் ஒரு பிடி கேப்பை விழுந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ராசாவுக்குள்ளது ராசாவுக்கு" என்று முடித்துவிட்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

கன்வென்ஷன் கூட்டங்கள் பெருகிய காலத்தில் வெளியூரிலிருந்து ஓர் இளம் ஊழியர் வீடு சந்திக்க வந்தார். நல்ல பிள்ளை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் குனிந்து, இன்று ராத்திரியே மரித்தால் மோட்சம் போவீர்கள் என்ற நிச்சயம் உங்களுக்கு உண்டா என்று கேட்டார்.

"என்னய்யா இப்படிக் கேட்டுட்டிய" என்றாள் ஆச்சி. "நிச்சயம் எங்கிட்டயா இருக்கு? அவரு கையில இருக்கு. எம் பிடி தளந்து ரொம்ப நாளாச்சு."

அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அது எழுப்பிவிட்ட ஆத்துமாக்கள் உண்டு. ஆனால் அதைக் கேட்டதும் மனிதன் தன் நெஞ்சுக்குள் குனிந்து, அங்கே சூடு இருக்கிறதா, இல்லையா என்று தேட ஆரம்பித்துவிடுகிறான். சூடு இருக்கிற நாளில் இரட்சிப்பு உண்டு, ஆறின நாளில் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆச்சி அங்கே தேடவே இல்லை. ராஜா அரியணையில் இருக்கிறார், அவருடைய ஜனத்தில் தானும் ஒருத்தி. இரட்சிப்பின் நிச்சயம் என்று அவள் அறிந்திருந்தது அவ்வளவுதான். யோவான் பத்தாம் அதிகாரத்தில் இயேசு, ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்கிறாரே, அதை அவள் வார்த்தை பிசகாமல் நம்பினாள்.

பயமே இல்லாதவள் என்று எண்ணிவிட வேண்டாம். பனியன் எழுதிய மோட்சப் பிரயாணத்தைப் பெரியப்பா ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு அரிக்கேன் விளக்கடியில் வாசிப்பார். கடைசியில் ஒரு ஆறு வரும். பாலம் கிடையாது. மறுகரையில் ராஜாவின் பட்டணம். அந்த ராஜாவின்மேல் வைக்கும் நம்பிக்கைக்குத் தக்கபடி ஆறு ஆழமாகவோ மேடாகவோ இருக்கும் என்று பயணிகளுக்குச் சொல்லப்படும். இறங்கினதும் ஒருவன் முங்கிவிடுவான், இருட்டு அவனை மூடும், தன் பழைய பாவங்களெல்லாம் ஞாபகம் வரும். கூடவந்தவன் அவன் தலையைத் தண்ணீருக்குமேல் தூக்கிப் பிடிப்பான். நாங்கள் பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்போம். ஆச்சி ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வாள்: "முங்கினவனும் கரையேறிட்டாம்லா."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நிச்சயத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நடுங்கினவனுக்கும் கரை உண்டு. கரை ராஜாவுடையது.

அவள் படுக்கையில் விழுந்த நாட்களில் சபைப் பெண்கள் சாயங்காலம் வந்து சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். புத்தகம் பார்க்க மாட்டார்கள். பெரும்பாலும் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். சாஸ்திரியார் தஞ்சை சரபோஜி மன்னரோடு மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அந்த ராஜ குடும்பம் 1855-ல் ஆண் வாரிசில்லாமல் போக, கும்பினி தஞ்சையை எடுத்துக்கொண்டது. சாஸ்திரியார் அதற்குப் பிறகும் 1864 வரை உயிரோடிருந்தார். அரண்மனை வாழ்வையும் அதன் முடிவையும் கிட்ட இருந்து பார்த்தவர் கட்டிய பாட்டில் நித்திய ராஜாவைப் பற்றி வரும்போது, எனக்கு மேனி சிலிர்க்கும்.

ஆச்சி தன் அடக்கத்துக்கென்று கேட்டுவைத்தது துக்கப் பாட்டு அல்ல, பண்டிகை நாளில் பாடும் கீர்த்தனை. துக்கமணி அடித்து ஓய்ந்ததும், பெட்டி தெருவில் இறங்கியபோது அதைத்தான் பாடினார்கள். ஆண்கள் கீழ்ஸ்தாயியில், பெண்கள் மேலே, வழியெல்லாம். அழுகையும் இருந்தது. அழுதுகொண்டே பாடினார்கள்.

அந்தக் குரல்கள் இன்று இல்லை. கைப்பிடி அரிசிக் கொட்டான் போய்க் காணிக்கை உறை வந்துவிட்டது. சாவு வீட்டு வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். கிறிஸ்தவர் வீட்டிலும் அதில் கண்ணீர் அஞ்சலி என்றுதான் அச்சடிக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துப் பழைய கல்லில் எல்லாம் நித்திரையடைந்தார் என்று செதுக்கியிருக்கிறது. எழுப்புகிறவர் ஒருவர் உண்டு என்று தெரிந்தவர்கள் செதுக்க வைத்த எழுத்து அது. அவர்கள் நம்பின ராஜாவைத்தான் நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையைப் பத்துப் பேர் கூடிச் சத்தமாய்ப் பாடுகிற தெருவைத்தான் காணோம்.

என் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம், ஆச்சிக்குப் பாடின கீர்த்தனையை எல்லாச் சரணமும் பாடவேண்டும். மூத்தவள் சென்னையில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு சரணம்தான் தெரிகிறது. மீதியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் பாடிக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இப்போது பேத்தியும் கூடவந்து உட்கார்ந்துகொள்கிறாள்.