காளை பாயுது... கேமரா பிடிக்குமா?

ஓடுகிற மாட்டை செல்போனில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். வால், புழுதி, இல்லாவிட்டால் முன்னால் நின்றவரின் தலை! போனைத் திட்டிப் பயனில்லை. பிறந்தநாள் கேக்கை அவ்வளவு அழகாக எடுக்கும் அதே போன், வாடிவாசலில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், கேமரா வாங்கும்போது எதில் பணத்தைப் போடலாம், எதில் போடக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

சேந்தமங்கலத்தைச் சேர்ந்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் அவருடைய அப்பாரு வளர்க்கும் செவலைக் காளை ஒன்று உண்டு. தை பிறந்தால் எருமப்பட்டி வட்டாரத்தில் பொட்டிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டு களைகட்டும். செவலையும் ஏழு வருடமாக வாடி பார்த்துவிட்டது. "வர்ற தையோட இவனை நிறுத்திக்கலாம் கண்ணு, வயசாயிருச்சு" என்றார் அப்பாரு.

அப்போதுதான் இளைஞருக்கு உறைத்தது. ஏழு வருடத்தில் செவலை பாய்கிற மாதிரி உருப்படியான படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாமே கட்டுத்தறியில் நிற்கும் படங்கள்.

கையில் சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் இருந்தது. அம்மாவுக்கோ வேறு கவலை. "மாட்டைப் போட்டோ புடிக்க இத்தனை பணமா சாமி? சமையக்கட்டு ஒழுகுது, மழைக்கு முன்னாடி ஓடு மாத்தோணும்" என்றார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆகவே, ஒரு ரூபாய்கூட வீணாகாமல் கேமரா தேட வேண்டிய கட்டாயம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு காளை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நொடிக்கு 10 மீட்டர். கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் காளை கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கொம்பும் திமிலும் ஈஷிக்கொண்டு நிற்கும். 1000-ல் ஒரு பங்கு என்றால் நகர்வது 1 சென்டிமீட்டர்தான். 2000-ல் ஒரு பங்கு என்றால் அரை சென்டிமீட்டர். ஓடும் விலங்குக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/1000 வேண்டும், பறக்கும் பறவைக்கு 1/2000 என்று போட்டோகிராபர்கள் சொல்வது இதனால்தான்.

இது இன்று நேற்று வந்த பிரச்னை அல்ல. குதிரை ஓடும்போது அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில், குதிரை ஓடும் பாதையோரம் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படமெடுத்துக் காட்டினார். எழும்புகிறது! கண்ணுக்குச் சிக்காததை வேகமான ஷட்டர் பிடித்துக்கொடுத்தது.

ஆனால், ஷட்டர் வேகமாக மூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். போனில் இருக்கும் சென்சார் சின்னது. வெளிச்சம் போதாதபோது அதுவாகவே ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். சேந்தமங்கலம் பக்கம் இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கிறது. சூரியன் மலையைத் தாண்டி மேலே வந்து வெயில் தரையில் விழக் கொஞ்சம் நேரமாகும். காலையிலேயே தொடங்கும் ஜல்லிக்கட்டில், முதலில் அவிழ்க்கும் காளைகள் மங்கலான வெளிச்சத்தில்தான் வரும்.

மெகாபிக்சல் மயக்கம்

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது 'எத்தனை மெகாபிக்சல்' என்பதுதான். இளைஞரும் அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு இரண்டு கேமராக்களின் விவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார்.

2018-ல் வந்த கேனான் 1500டி, 24 மெகாபிக்சல். ஒரு நொடிக்கு 3 படம் எடுக்கும், ஃபோகஸ் புள்ளிகள் 9. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2016-ல் வந்த நிக்கான் டி500, சுமார் 21 மெகாபிக்சல்தான். ஆனால், நொடிக்கு 10 படம், ஃபோகஸ் புள்ளிகள் 153! காதுகுத்துக்கும் சுற்றுலாவுக்கும் 1500டி தாராளமாகப் போதும். வாடியிலிருந்து காளை வெளியே பாய்ந்து கண்ணைவிட்டு மறைய இரண்டு மூன்று நொடிதான். அதற்குள் 3 படமா, 10 படமா என்பதுதான் கேள்வி.

அன்றைக்குக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாகச் சங்கப் பாட்டு உண்டு. நமக்கு அந்தக் குறி கிடையாது. நொடிக்குப் பத்து அம்பாவது வேண்டாமா!

புதிய மிரர்லெஸ் கேமராக்களில் இன்னொரு வசதி இருக்கிறது. விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, அது நகர நகர ஃபோகஸும் கூடவே போகும். கேனான் ஆர்50, சோனி ஏ6400 போன்றவற்றில் இது உண்டு. அதே கேனானில் விலை குறைந்த ஆர்100-ல் கிடையாது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம். 'விலங்கின் கண்ணைத் தொடருமா, தொடர்ந்து ஃபோகஸ் செய்தபடி நொடிக்கு எத்தனை படம்' என்ற இரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வாடகைக்கு எடுத்த ஒரு ஞாயிறு

அம்மா சொன்ன யோசனைதான் அடுத்து உதவியது. "சட்டைத்துணியையே தொட்டுப் பாத்துத்தான எடுக்கறோம். ஒருநா வாடகைக்கு வாங்கிப் பாரேன் சாமி." சேலத்தில் கேமரா வாடகைக்கு விடும் கடையில் ஒரு மிரர்லெஸ்ஸும் ஒரு பழைய டி500-ம் ஒருநாள் வாடகைக்கு எடுத்தார். தெரு நாய், பட்டிக்குத் திரும்பும் ஆடுகள், உழவு டிராக்டருக்குப் பின்னால் பறந்து பறந்து புழு பொறுக்கும் கொக்குகள் என்று அன்று முழுக்க எடுத்துத் தள்ளினார்.

அன்று கிடைத்த பாடங்கள் எல்லோருக்கும் உதவும்.

கண்ணைத் தேடும் வசதி நாய்க்கும் கொக்குக்கும் அருமையாக வேலை செய்தது. மாட்டுக்குப் பல நேரம் பிடித்தது. ஆள் குறுக்கே வந்தால் அவர் முகத்துக்குத் தாவிவிட்டது. ஜல்லிக்கட்டில் குறுக்கே வராத ஆளே கிடையாது!

மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு எடுத்தபோது, வேகமாக ஓடிய நாயின் கால்கள் சற்றுச் சாய்ந்து கோணலாகத் தெரிந்தன. வேகமான அசைவுக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான் நல்லது.

கேமராவோடு இலவசமாக வரும் சின்ன லென்ஸ் போதவே போதாது. தடுப்புக்கு வெளியே நின்று எடுப்பவருக்கு 250 அல்லது 300 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் வேண்டும். இந்த வகை கேமராக்களில் சென்சார் சற்றுச் சின்னதாக இருப்பதால், நிக்கானில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450 மாதிரி கிட்டத்தில் காட்டும். அது ஒரு லாபம்.

தடுப்புக் கம்பி வலையில் ஃபோகஸ் மாட்டிக்கொள்ளும். வலைக்கு ஒட்டி லென்ஸை வைத்தால் கம்பி மங்கி மறைந்துவிடும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். மிரளும் மாட்டை இன்னும் மிரட்டுவது பாவம், ஆபத்தும்கூட.

பழையது வாங்கினால்...

கணக்குப் போட்டுப் பார்த்ததில், புதிய மிரர்லெஸ்ஸும் நீளமான லென்ஸும் சேர்த்தால் முழுப் பணமும் காலி. ஓடு மாற்ற ஒன்றும் மிஞ்சாது. எனவே, பழைய டி500 பக்கம் மனம் சாய்ந்தது.

பழைய கேமராவை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை. பைக்குக்குக் கிலோமீட்டர் மாதிரி. டி500-ன் ஷட்டர் 2 லட்சம் படம் வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டது. கல்யாண வேலைக்கு ஓடிய கேமராவில் எண்ணிக்கை எகிறியிருக்கும். அடுத்து, லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் மழைக்காலத்தில் அது பரவத்தான் செய்யும். வாங்கிய பிறகு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது பழக்கமாக வேண்டும்.

பழைய கேமராவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு மா.கிருஷ்ணனை நினைவுபடுத்தலாம். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். காட்டு யானைகளையும் மற்ற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் கையிலிருந்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்ற பாகங்கள் வேறு எதிலிருந்தோ என்று அவரே ஒட்டுப்போட்டுச் செய்தது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கேமராவில் இல்லாத வசதியை, விலங்கைப் பற்றிய அறிவால் ஈடுகட்டினார் அவர்.

அப்பாரு சொன்ன இடம்

கடைசியில் பழைய டி500-ம், 70-300 லென்ஸும் சேர்த்து 62,000 ரூபாய்க்கு முடிந்தது. மீதி 18,000 ஓட்டுக்கு. அம்மா மறுபேச்சு பேசவில்லை.

ஆனால், தை மாதம் வாடியில் படம் கிடைத்தது கேமராவால் மட்டுமல்ல. முதல் நாள் இரவு, எங்கே நிற்பது என்று தெரியாமல் பேரன் குழம்பியபோது அப்பாரு சொன்னார்: "அவன் எப்பவும் வாடியை விட்டு வந்ததும் ரெண்டு எட்டு நேரா வெப்பான். அப்புறம் இடதுபக்கம் திரும்பித்தான் பாய்வான் கண்ணு. ஏழு வருசமா பாக்கறேனே, எனக்குத் தெரியாதா? நீ அந்தப் பக்கமாப் போய் நில்லு."

"சரிங்க அப்பாரு" என்று பேரன் அங்கேயே போய் நின்றார். காளை திரும்பும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, ஷட்டரை 1/1600-ல் நிறுத்திக் காத்திருந்தார். செவலை வந்தது, இரண்டு எட்டு, இடதுபக்கம் ஒரு பாய்ச்சல். அழுத்திய விரலை எடுப்பதற்குள் 23 படங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் 19 வீண். வீரரின் முதுகு, புழுதி, பாதித் தலை. நான்கு தேறின. அதில் ஒன்றில் செவலையின் நான்கு கால்களும் தரையில் இல்லை.

விலங்குகளைப் படமெடுக்க கேமரா தேடுபவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அந்த விலங்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. எப்போது திரும்பும், எப்போது காது நிமிரும், எதைக் கண்டால் ஓடும் என்பதெல்லாம் பழகிவிடும். வீட்டு நாயோ வயல் கொக்கோ, எதுவானாலும் சரி. அது தெரிந்தபின் எந்தக் கேமரா வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும். பட்ஜெட்டும் குறையும்.

அந்தப் படம் இப்போது பெரிதாகச் சட்டம் போட்டு, அப்பாரு படுக்கும் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. செவலை வாடிக்குப் போவதில்லை. காலையில் தோட்டத்தில் மேய்கிறது, வெயில் ஏறியதும் வேப்பமரத்தடியில் படுத்து அசைபோடுகிறது. அதை எடுக்க இப்போது போனே போதும்.